நாளைக் காலை ரொட்டி வாங்கப் போக வேண்டியவர்கள்

மேடையில் அமர்ந்திருக்கும் நகரத் தலைவர் அவர்களே, அருட்தந்தை அவர்களே, தந்தையின் இடத்திலிருந்து இனி ஆற்றுத்துறைப் பதிப்பகத்தை நடத்தவிருக்கும் தொம்னிகா அக்கா அவர்களே, எங்கள் நூல்களை எழுதியவர்களே, வாங்கியவர்களே, வாங்காமல் நூலகத்தில் காத்திருந்து படித்தவர்களே, சிரெத் நகரத்துப் பெரியோர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

முதலில் என்னை மன்னிக்க வேண்டும். எனக்கு மேடை பழக்கமில்லை. இந்த மண்டபத்தில் என் இடம் எப்போதும் கடைசி வரிசை, கதவோரம். பேசச் சொன்னார்கள் என்றதும் பயந்துபோய் எழுதிக்கொண்டு வந்துவிட்டேன். தாளைப் பார்த்துத்தான் வாசிப்பேன். நடுவில் தலை நிமிராவிட்டால் அது கூச்சம், மரியாதைக் குறைவு இல்லை. நான் எழுதியிருப்பது சிலருக்குப் பிடிக்காமல் போகலாம். எழுதாமலே இருந்திருக்கலாமோ என்று இப்போதுகூடத் தோன்றுகிறது. அதற்கும் சேர்த்தே மன்னியுங்கள்.

என் பெயர் ஒதீலியா. மில் தெரு, சவேத்தாவின் மகள். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். படித்துவிட்டு வந்து, என்ன செய்வதென்று தெரியாமல் நின்ற எனக்கு வேலை கொடுத்தவர் தொம்னிகா அக்காவின் தந்தை இலாரியன் கொசாரியுக் ஐயா. கடவுள் அவரை மன்னிக்கட்டும்.

இறந்தவர் பெயரைச் சொன்னதும் நாம் எல்லோரும் இதைச் சொல்கிறோம். நினைக்காமலே வாயில் வந்துவிடும். இன்று, அவருடைய நாற்பதாம் நாளில், நான் நினைத்துத்தான் சொல்கிறேன்.

யார் இந்த இலாரியன் கொசாரியுக்? லாரிகள் மட்டும் நின்று போகிற எல்லை ஊரில் புத்தகம் போட்டவர்! தலைநகரத்துப் பதிப்பாளர்கள் "அங்க யாருங்க படிக்கறாங்க?" என்று சிரித்தபோது, "அங்க யார் எழுதறாங்கன்னு கேளுங்க" என்று திருப்பிக் கேட்டவர்! நம் ஊர்த் தபால்காரப் பெண்ணின் கவிதைகளை வெளியிட்டது யார்? அவர்தானே! பள்ளிக்கூடத்துக் கொதிகலன் அறையில் வேலை பார்த்தவர் எழுதிய கதைகளை மாவட்ட விருதுக்கு அனுப்பியது யார்? அவர்தானே! விருது நாளன்று அந்த மனிதர் வேலைக் கோட்டோடு வந்து வாசலிலேயே நின்றுவிட்டபோது, தன் சொந்தக் கோட்டைக் கழற்றி அவருக்குப் போட்டு மேடைக்கு அனுப்பிவிட்டு, கீழே குளிரில் நின்று எல்லோரையும்விட உரக்கக் கைதட்டியது யார்? அவர்தானே!

எங்கள் வெளியீட்டு விழாக்கள் உங்களுக்குத் தெரியும். புத்தகத்தைவிடப் பேச்சு நீளம். நகரத் தலைவர் அவர்கள் கோபிக்கக் கூடாது. அவர் பேசி முடிப்பதற்குள் அடுப்பில் வைத்த திராட்சை மது இரண்டு தடவை ஆறிவிடும். இலாரியன் ஐயா என் பக்கம் சாய்ந்து, "ஒதீலியா, மறுபடி சூடு பண்ணு. இப்பதான் இவர் முன்னுரைக்கே வந்திருக்கார்" என்பார்.

ஆனால் விழாக்களால் மட்டும் அவர் பெரிய மனிதர் ஆகவில்லை. விருதுகளாலும் ஆகவில்லை. எதனால் ஆனார்? முன்வாசிப்பால்! வெளியூரிலிருந்து வந்திருப்பவர்களுக்காக அதைச் சொல்கிறேன்.

ஆற்றுத்துறையில் எந்த நூலும் நேராக அச்சுக்குப் போகாது. அது எந்தத் தெருவைப் பற்றியதோ, எந்தக் கிராமத்தைப் பற்றியதோ, அங்கே உள்ள மண்டபத்தில் முதலில் வாசிக்கப்படும். அந்த மக்கள் முன் வரிசையில் உட்காருவார்கள். எழுதியவர் எதிரில் உட்கார்ந்து வாயைத் திறக்காமல் கேட்க வேண்டும். வாசிக்கப்படுவது தன்னைப் பற்றியது என்று யாருக்காவது தெரிந்தால் அவர் எழுந்து "நிறுத்துங்க" என்று சொல்லலாம். சொன்னால் நிறுத்த வேண்டும். திருத்தச் சொன்னால் திருத்த வேண்டும். எடுக்கச் சொன்னால் எடுக்க வேண்டும். இது இலாரியன் ஐயா வைத்த விதி. இப்படி ஒரு விதி வேறெந்தப் பதிப்பகத்தில் இருக்கிறது, சொல்லுங்கள்!

சுங்க அதிகாரி ஆர்த்தெனியே அவர்களின் நினைவுக் குறிப்புகளை இதே மண்டபத்தில் வாசித்த நாள் பலருக்கு நினைவிருக்கும். எல்லை தாண்டி சிகரெட் வந்த அத்தியாயம் தொடங்கியதும் பாதி மண்டபம் கூரையைப் பார்த்தது, மீதிப் பாதி காலணியைப் பார்த்தது. அப்போது பின்னாலிருந்து ஒரு பெண்மணி எழுந்தார்.

"நிறுத்துங்க! அக்கார்டியனுக்குள்ள சிகரெட்டை வெச்சு எடுத்துட்டு வந்தது நான்தான். ஆனா அது அக்கார்டியன் இல்ல, தையல் மிஷின்."

"எனக்கு அக்கார்டியன்னுதாம்மா ஞாபகம்," என்றார் ஆர்த்தெனியே.

"உங்களுக்கு என்ன ஞாபகம் இருக்கும்? அன்னிக்கு நீங்க மிஷினைப் பாக்கல, எங்க அக்காவைத்தானே பாத்துட்டிருந்தீங்க! மாத்தி எழுதுங்க. எனக்கு அக்கார்டியன் வாசிக்கத் தெரியாது. யாராவது வாசிக்கச் சொன்னா நான் என்ன பண்றது?"

மாற்றினார்கள். அந்த நூலில் இப்போதும் தையல் மிஷின்தான் இருக்கிறது.

அந்த வாசிப்புகளில் எனக்கு ஒரு வேலை இருந்தது. ஐயா வாசிப்பார், நான் கதவோரம் உட்கார்ந்து முகங்களைப் பார்ப்பேன். எல்லோருக்கும் எழுந்து நின்று சொல்ல வராது அல்லவா? என்னைப் போல எத்தனை பேர்! கை தூக்காமல் தலை குனிகிறவர் யார், திடீரென்று கைக்குட்டையைத் தேடுகிறவர் யார், கோட்டுப் பொத்தானைப் போட்டுக் கழற்றிப் போடுகிறவர் யார் என்று பார்த்து, முடிந்ததும் ஐயாவிடம் சொல்ல வேண்டும். "என் கண்ணு தாள்ல இருக்கும், உன் கண்ணு ஆள்மேல இருக்கட்டும்" என்பார்.

ஒரு முறை ஒரு கவிஞரின் நீண்ட கவிதை. மனைவி விட்டுப் போன நாளில் ஒரு ஸ்டேஷன் மாஸ்டர் குடித்துவிட்டுக் கொடிக்கம்பத்தைக் கட்டிக்கொண்டு அழுதது பற்றி. அருமையான கவிதை. நானே அழுதேன். ஆனால் மூன்றாவது வரிசையில் அந்த ஸ்டேஷன் மாஸ்டர் தன் தொப்பியை மடியில் வைத்து அதன் உள்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கை தூக்கவில்லை. நான் சொன்னேன். ஐயா நூலிலிருந்து அந்தக் கவிதையை எடுத்துவிட்டார். கவிஞர் குதித்தார்.

"நீங்க இலக்கியத்தைக் கொல்றீங்க!"

"இலக்கியம் எங்கயும் போகாது ஐயா," என்றார் இலாரியன் கொசாரியுக். "இவர் நாளைக்குக் காலையில ரொட்டி வாங்கக் கடைக்குப் போகணும்."

பெரியோர்களே, இதைவிடப் பெரிய வாக்கியம் ஒன்றை நான் கல்லூரியில் கேட்டதில்லை. எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. இந்த வாக்கியத்தை நம்பித்தான் நான் ஆற்றுத்துறையில் இருந்தேன். இவரோடு இருந்தால் எழுத்து யாரையும் காயப்படுத்தாது என்று நம்பினேன். முழுதாக நம்பினேன்.

வாழ்நாள் முழுவதும் பிறர் நூல்களை வெளியிட்டவர், கடைசியில் தானே ஒன்று எழுதினார். 'எல்லையில் நின்ற பேருந்து'. இத்தாலிக்கு வேலைக்குப் போன நம் ஊர்ப் பெண்களைப் பற்றியது. எழுதும்போது எனக்குக் காட்டவில்லை. மெய்ப்பு பார்க்கவும் தரவில்லை. கேட்டால், "எனக்கு வெக்கமா இருக்கு, அச்சாகி வந்ததும் பாரு" என்றார். இவ்வளவு பெரிய மனிதருக்கும் கூச்சம் உண்டா என்று எனக்கு அவர்மேல் இன்னும் பாசம் வந்தது. முன்வாசிப்பு எப்போது என்று கேட்டேன். "ஏற்பாடு பண்றேன்" என்றார்.

பண்ணவில்லை. நூல் நேராகத் தலைநகரத்தின் புத்தகக் கண்காட்சியில் வெளியானது. பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு நானும் போயிருந்தேன். கூட்டம் நிறைந்திருந்தது. ஐயா ஏழாம் அத்தியாயத்தை வாசித்தார். பழக்கதோஷம், நான் முகங்களைப் பார்க்கத் தொடங்கினேன்.

அந்த அத்தியாயத்தில் சாந்தா என்று ஒரு பெண். மில் தெருவில், கூரைமேல் தகரச் சேவல் இருக்கும் வீட்டுக்காரி. இத்தாலியில் ஒரு கிழவரைப் பார்த்துக்கொள்கிறாள். ஊரில் அவள் அப்பா சாகக் கிடக்கிறார் என்று தகவல் வருகிறது. பையோடு பேருந்து நிலையத்துக்கு வருகிறாள். ஆனால் ஏறவில்லை. போனால் தன் இடத்தில் வேறொருத்தியை வைத்துவிடுவார்கள் என்று பயந்து, பெஞ்சில் உட்கார்ந்து பேருந்து போவதைப் பார்க்கிறாள். தம்பியிடம், ஹங்கேரியில் பேருந்து கெட்டு நின்றுவிட்டது என்று சொல்கிறாள். இங்கே அப்பாவைப் புதைக்கும் நேரத்தில் அங்கே அவள் இன்னொருவரின் அப்பாவுக்கு சூப் ஊட்டிக்கொண்டிருக்கிறாள்.

மில் தெருவில் தகரச் சேவல் இருக்கும் வீடு ஒன்றுதான். அது எங்கள் வீடு.

கூட்டத்தில் எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஒருவரும் தலை குனியவில்லை. ஒருவரும் பொத்தானைத் தொடவில்லை. அந்த அறையில் வாடிய முகம் ஒன்றே ஒன்றுதான், என்னுடையது; அதை என்னால் பார்க்க முடியவில்லை. பார்த்திருந்தாலும் யாரிடம் போய்ச் சொல்வேன்? வழக்கமாக நான் யாரிடம் சொல்வேனோ அவர் மேடையில் அல்லவா வாசித்துக்கொண்டிருந்தார்!

தாத்தா இறந்தபோது இத்தாலியில் வேலையிலிருந்த அம்மா எனக்கும் பேருந்து கெட்டுப்போனதாகத்தான் சொல்லியிருந்தார். என் அம்மாவைப் பற்றி எனக்குத் தெரியாத ஒன்றை, முன்பின் தெரியாத கூட்டத்தோடு சேர்ந்து நானும் தெரிந்துகொண்டேன்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கேட்டேன். அவருக்கு அதற்கு முன்பே செய்தி வந்துவிட்டிருந்தது. எங்கே தெரியுமா? ரொட்டிக் கடை வரிசையில்! பின்னால் நின்ற ஒருத்தி, "என்ன சவேத்தா, பஸ்ஸை ரிப்பேர் பண்ணிட்டாங்களா?" என்று கேட்டிருக்கிறாள். வரிசையே சிரித்திருக்கிறது.

"அவர்கிட்ட எப்பம்மா சொன்னே?" என்றேன்.

"நம்ம தெரு மண்டபத்துல வாசிப்பு நடந்துச்சுல்ல, அன்னிக்கு. எல்லாரும் போனப்புறம் நாற்காலி மடிச்சிட்டிருந்தேன். அவரும் கூட வந்து மடிச்சாரு. ஏம்மா கண்ணு கலங்கியிருக்குன்னு கேட்டாரு. யாரும் என்னை அப்படிக் கேட்டதில்லடி. சொன்னேன்." பிறகு மெதுவாக, "புத்தகத்துக்குன்னு சொல்லல. நாற்காலி மடிக்கும்போது சொன்னது அது" என்றார்.

சில வாரம் கழித்து ஒரு ஞாயிறு காவ்ரில் மாமா வந்தார். அம்மாவின் ஒரே தம்பி. கோட்டைக் கழற்றவில்லை, உட்காரவில்லை.

"பஸ் எந்த ஊர்ல கெட்டுப்போச்சு அக்கா? இன்னொரு தடவை சொல்லு, கேக்கறேன்."

அம்மா ஒரு நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டார்.

"உனக்காக அப்பாவைப் புதைக்காம ஒரு நாள் கூடுதலா வெச்சிருந்தோமே! ஃபாதர் திட்டினாரு. ஊரே திட்டுச்சு. அக்கா வந்துடும், பஸ் சரியாயிடும்னு நான்தானே ஒவ்வொருத்தன்கிட்டயும் போய்ச் சொன்னேன்! நீ வேலை போயிடும்னு பெஞ்சுல உக்காந்திருந்தியா?"

"அப்படி இல்லடா காவ்ரில்..."

"புத்தகத்துல போட்டிருக்கு அக்கா. பரிசு வேற குடுத்திருக்காங்க."

ஆமாம், அதற்குள் விருதும் வந்துவிட்டிருந்தது. நாட்டின் பெரிய விருது! நம் நகரச் சதுக்கத்தில் பதாகை கட்டினோம். பள்ளிப் பிள்ளைகள் பாடினார்கள். உங்களில் பலர் கையெழுத்து வாங்கினீர்கள். அன்று திராட்சை மதுவைச் சூடு பண்ணியதும் நான்தான். மாமா அந்த ஈஸ்டருக்கு எங்கள் வீட்டுக்கு வழக்கமான சாயம் பூசிய முட்டை கொண்டுவரவில்லை. தாத்தாவின் நினைவு விருந்துக்கு அம்மாவை அழைக்கவில்லை. அம்மா அதற்குப் பிறகு ரொட்டிக் கடைக்குப் போகவே இல்லை. நான்தான் வாங்கிக்கொண்டு போகிறேன்.

"அப்படி இல்லடா" என்று தொடங்கினாரே, அதற்குப் பிறகு அம்மா என்ன சொல்ல வந்தார்? புத்தகத்தில் இருப்பதுதான் நடந்ததா, வேறு ஏதாவது இருந்ததா? நான் கேட்டேன். எனக்குச் சொன்னார். ஆனால் அதை இங்கே சொல்ல மாட்டேன். சொன்னால், எனக்கும் இலாரியன் ஐயாவுக்கும் என்ன வித்தியாசம்? அதைச் சொல்ல வேண்டியவர் நான் இல்லை.

நான் ஐயாவிடம் போனேன். எனக்கு அவ்வளவு தைரியம் எங்கிருந்து வந்ததோ தெரியாது.

"ஐயா, இதை நீங்க மில் தெருவுல வாசிக்கலையே."

கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "பேரை மாத்தியிருக்கேனே ஒதீலியா."

"சேவலை மாத்தலையே."

"அது நல்ல சேவல்மா." சிரிக்கப் பார்த்தார். நான் சிரிக்கவில்லை.

"ஏன் ஐயா வாசிக்கல?"

அவர் பொய் சொல்லவில்லை. அதையும் நான் இங்கே சொல்லியாக வேண்டும். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என்னை நேராகப் பார்த்துச் சொன்னார்: "வாசிச்சிருந்தா உங்கம்மா வேண்டாம்னு சொல்லியிருப்பாங்க. அதுதான் இந்தப் புத்தகத்துலயே நல்ல அத்தியாயம். உனக்கே தெரியும்."

தெரியும். அதுதான் நல்ல அத்தியாயம். ஆனால் அந்தக் கவிஞரின் கவிதையும் நல்ல கவிதைதானே! அதை எடுக்கச் சொன்னது யார்? ஸ்டேஷன் மாஸ்டருக்கு ரொட்டி வாங்கப் போக நாளைக் காலை என்று ஒன்று இருந்ததே, என் அம்மாவுக்கு இல்லையா? மற்றவர்கள் எழுதினால் ஒரு விதி, தான் எழுதினால் வேறு விதியா? முகங்களைப் பார் என்று என்னைக் கதவோரம் உட்கார வைத்தவர், என் அம்மாவின் முகத்தை மட்டும் பார்க்க வேண்டாம் என்று எப்படி முடிவு செய்தார்?

கிளம்பும்போது பின்னாலிருந்து, "ரெண்டாம் பதிப்புல பாத்துக்கலாம்மா" என்றார். அதற்குப் பிறகு நாங்கள் வேலை விஷயம் தவிர எதுவும் பேசிக்கொள்ளவில்லை. பிப்ரவரியில் பனியை அள்ளிக்கொண்டிருந்தபோது வாசலிலேயே விழுந்துவிட்டார். கடவுள் அவரை மன்னிக்கட்டும்.

இறந்துபோனவரைப் பற்றி இப்படிப் பேசலாமா என்று சிலர் முகம் சுளிக்கிறீர்கள். தலை நிமிராமலே எனக்குத் தெரிகிறது. பேசலாம் என்றுதான் நினைக்கிறேன். அவரே வைத்த விதி அல்லவா இது! எதிரில் உட்கார்ந்து, வாயைத் திறக்காமல், கேட்க வேண்டும்.

சற்று முன் நீங்கள் எல்லோரும் அவர் நினைவாகக் கோலிவா சாப்பிட்டீர்கள். அந்த இனிப்புக் கோதுமையை வேகவைத்தது என் அம்மா. மில் தெருவில் யாருக்கு நினைவு நாள் வந்தாலும் அவர்தான் செய்வார். இந்த முறையும் கேட்டார்கள், நான்தான் வீட்டில் வந்து சொன்னேன்.

"யாருக்கு?" என்றார்.

"இலாரியன் ஐயாவோட நாற்பதாம் நாளுக்கும்மா."

கோதுமையை இன்னொரு தடவை அலசினார். பிறகு, "வால்நட்டை நல்லாப் பொடியா உடை. வயசானவங்க வருவாங்க, பல்லுல மாட்டும்" என்றார்.

"நீயும் வாயேம்மா."

"நான் எதுக்கு? அங்க இருக்கற எல்லாரும் என்னைப் படிச்சவங்க. கிண்ணத்தை மட்டும் மறக்காம திருப்பிக் கொண்டா."

இலாரியன் கொசாரியுக் ஐயா நல்லவரா? நல்லவர். எனக்குத் துரோகம் செய்தாரா? செய்தார். இரண்டையும் ஒரே தாளில் எழுத வேண்டி வந்துவிட்டது. ஒன்றை அடித்துவிட்டு மற்றதை வாசிக்க எனக்குத் தெரியவில்லை.

ஆற்றுத்துறையின் வேலை நிற்காது. இலையுதிர் காலத்தில் நம் மருத்துவமனைச் செவிலி எழுதிய கதைகள் வருகின்றன. அதற்கடுத்து மரம் வெட்டுகிறவர்களின் பாடல்கள். ஒவ்வொன்றும் அச்சுக்கு முன் அந்தந்த மக்கள் முன்னால் வாசிக்கப்படும். நான் கதவோரம் உட்கார்ந்து முகங்களைப் பார்ப்பேன். அந்த விதியை அவர் ஒரு முறை மீறினார். நாம் மீற வேண்டாம். இதை அவர் படத்தின் முன் நின்று உறுதி சொல்கிறேன்.

கடைசியாக ஒன்று. இவ்வளவு நேரமும் இதைக் கேட்பதற்காகத்தான் சுற்றிச் சுற்றி வந்தேன்.

தொம்னிகா அக்கா, 'எல்லையில் நின்ற பேருந்து' இரண்டாம் பதிப்பு, அட்டையில் விருதுப் பட்டையோடு, அச்சுக்குப் போகத் தயாராக இருக்கிறது. "அப்பா எழுதினதுல ஒரு எழுத்தைக்கூட நான் தொடமாட்டேன்" என்று நீங்கள் சொன்னீர்கள். உங்கள் துக்கம் எனக்குப் புரிகிறது. நீங்கள் தொட வேண்டாம். அனுப்புவதற்கு முன் ஏழாம் அத்தியாயத்தை மில் தெரு மண்டபத்தில் நீங்களே வாசியுங்கள். காவ்ரில் மாமாவை நான் அழைத்து வருகிறேன். என் அம்மாவை முன் வரிசையில் உட்கார வையுங்கள். அவர் "நிறுத்துங்க" என்றால், நிறுத்திவிடுங்கள் அக்கா.